நான் வைக்காத சூடு

என் மகள் பிழைத்துக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை உங்களைப் பதறவிட்டுப் பிறகு நிம்மதியாக மூச்சு விடவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவள் இப்போது உள்ளே வீட்டுப்பாடம் எழுதாமல் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான். மாதக்கணக்கில் ஆகியும் ஆறவில்லை. எழுதினால் ஆறும் என்று என் சிநேகிதி பர்வீன் சொல்கிறாள். பார்க்கலாம்.

என் பெயர் ரூபி. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். ஷூவின் மேல்பாகத் தோலைத்தான் அப்பர் என்போம். பர்வீன் எனக்குப் பக்கத்து மெஷின். என் கணவர் இமானுவேல் அதே கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே பெண், ஜெனிஷா. மூன்றாம் வகுப்பு.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். ஒரு ஜோடியில் தையல் கோணலாகப் போயிருந்தால் சூப்பர்வைசர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரு இது?" என்று கத்துவார். அவர் கத்தி முடிக்கும் வரை லைன் நிற்கும். லைன் நின்றால் அன்றைய டார்கெட் போச்சு, எல்லோரும் கூடுதலாக உட்கார்ந்து முடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் யாராவது ஒருவர் எழுந்து, "நான்தான் சார், இனிமே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார்கள். செய்தது அவர்தானா என்று யாரும் ஆராய்வதில்லை. சூப்பர்வைசருக்கும் இது தெரியும். அவருக்குத் திட்ட ஒரு தலை வேண்டும், அவ்வளவுதான். திட்டிவிட்டுப் போவார், லைன் ஓடும். என் கணவர் இதில் மகா கெட்டிக்காரர். அவர் பிரிவில் யார் தோலை வீணாக்கினாலும் முதலில் எழுந்து நிற்பது அவர்தான். அதனாலேயே கம்பெனியில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

மழை விட்ட சமயம். ஜெனிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கடை மாத்திரையில் குறையும், திரும்ப ஏறும். தலை வலிக்கிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் இருக்கும் ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிப் போனோம். ஒரே டாக்டர், அவர்தான் முதலாளி. ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை என்றார்கள், டைபாய்டாக இருக்கலாம் என்றார்கள், மருந்து எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மருந்து சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை. கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. அப்போதுதான் ரோஸ்லின் அண்ணி வந்தார். அண்ணி என் கணவரின் அக்கா. பேர்ணாம்பட்டில் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடாமலேயே மூட்டையோடு வந்து நிற்கிறவர்.

வந்ததும் பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா ரூபி, கண்ணு மஞ்சளா கீது பாரு. இது காமாலை. எங்க பக்கத்துல ஒருத்தர் சூடு போடுவாரு. கையில ஒரே ஒரு இழுப்புதான். என் பையனுக்குப் போட்டு மறுநாளே எழுந்து ஓடினான்."

சூடு போடுவதென்றால் என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புக் கம்பியையோ மஞ்சள் கிழங்கையோ நெருப்பில் காய்ச்சி உடம்பில் இழுப்பார்கள். காமாலைக்கு, வலிப்புக்கு, மாந்தத்துக்கு. நாங்கள் கிறிஸ்தவர்கள். அண்ணி ஒரு ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர். சூட்டுக்கு அதெல்லாம் தெரியாது, எல்லா வீட்டுக்கும் வந்துவிடும்.

"வேணாம் அண்ணி. என் பொண்ணு மேல நெருப்பு படக்கூடாது" என்றேன்.

"நல்லதுக்குத்தான் சொன்னேன். வேணாம்னா வுடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சி காய்ச்சப் போனார். மறுநாள் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஏற்றுமதி ஆர்டர் போக வேண்டும் என்று ஒருவருக்கும் லீவு இல்லை. அண்ணியைப் பிள்ளையோடு விட்டுவிட்டு நானும் என் கணவரும் வேலைக்குப் போனோம். சாயந்திரம் நாங்கள் திரும்பியதும் அண்ணி ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் ஜெனிஷா வாந்தி எடுத்தாள். வயிறு உப்பிக்கொண்டது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து ஏதோ உளறிவிட்டு மூடிக்கொண்டாள். நர்சிங் ஹோமில் சேர்த்தோம். சட்டை மாற்றும்போது நர்ஸ் அக்குளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். பட்டாணி அளவுக்கு ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்பை வைத்து அமுக்கினது மாதிரி இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. எட்டு வயதுப் பெண், தானே குளித்துக்கொள்கிறவள்.

டாக்டர் வந்தார். பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சூடு வெச்சிருக்கீங்க" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

"இன்னாம்மா இல்ல? என் கண்ணு இன்னா பொட்டையா? இந்த ஊர்ல எத்தனை வருஷமா பாக்கறேன். வீட்ல கண்டதையும் பண்ணிட்டு, முடியாமப் போனதும் இங்க தூக்கினு வருவீங்க. செத்தா டாக்டர் கொன்னுட்டான்னு கண்ணாடியை ஒடைப்பீங்க. படிச்சிருக்கியா நீ? பெத்தவதானே?"

வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் மறுபடியும், "நான் வைக்கல டாக்டர், சத்தியமா" என்று ஆரம்பித்தேன். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமா டாக்டர். தெரியாமப் பண்ணிட்டோம். இனிமே பண்ண மாட்டோம். மன்னிச்சுக்குங்க."

என் கணவர். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.

டாக்டரின் முகம் உடனே இளகிவிட்டது. "இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றார். சூட்டுப் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது, அதுதான் காய்ச்சல் விடவில்லை என்றார். நர்ஸிடம் வேறொரு ஊசிமருந்தின் பெயரைச் சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். லைன் ஓட ஆரம்பித்துவிட்டது.

நான் என் கணவரை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? யாரு வெச்சது சூடு?"

"மெதுவாப் பேசு. அக்கா வெச்சிருக்கும். நாம வேலைக்குப் போனப்ப அது மட்டும்தானே இருந்துது. அதுதானே கேட்டுகினே இருந்துது."

"வெச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வேற யாரு? வுடு ரூபி. அவரு கத்திகினே இருந்தா வைத்தியம் எப்பப் பாக்கறது? ஒத்துகினா முடிஞ்சுது. இப்பப் பாரு, மருந்து மாத்திட்டாரு."

அவருக்கு அது தப்பாகவே தெரியவில்லை. நான் உள்ளே போய் ஜெனிஷாவின் காதருகில் குனிந்தேன். அப்போது கொஞ்சம் தெளிவாக இருந்தாள். "பாப்பா, அத்தை உனக்குச் சூடு வெச்சாங்களா? அம்மா யாரையும் திட்ட மாட்டேன். சொல்லு."

"இல்லம்மா. அத்தை கதை சொன்னாங்க" என்றாள்.

என் மகள் பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. பல் தேய்க்காமல் தேய்த்தேன் என்பாள், பென்சிலைத் தொலைத்துவிட்டுத் திருடு போனது என்பாள். அந்த முகமெல்லாம் எனக்கு மனப்பாடம். இது அந்த முகம் இல்லை. நான் அவளை நம்பினேன். அதற்கு மேல் எனக்கு ஓர் ஆதாரமும் கிடையாது. அது என்ன புண் என்றும் தெரியாது. ஆனால் அது சூடு இல்லை என்றால், அவர்கள் ஏற்றிக்கொண்டிருக்கும் மருந்து வேறு எதற்கோ போய்க்கொண்டிருக்கிறது. அது மட்டும் எனக்கு விளங்கியது.

டாக்டரைத் தேடிப் போனேன். "பிள்ளையைக் கேட்டேன் சார். யாரும் சூடு வைக்கல. அது வேற ஏதோ. இன்னொரு தடவை பாருங்க சார், கும்பிடறேன்."

"உன் புருஷனே ஒத்துகினாரேம்மா. அவரு பொய் சொல்றாரா?"

"ஆமா சார். பொய்தான் சொல்றாரு."

அவர் சிரித்தார். "இத பாரு, நான் போலீசுக்குச் சொல்லியிருக்கணும். பாவம்னு விட்டிருக்கேன். பேசாமப் போயி உக்காரு."

பேசாமல் போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? நர்ஸ்கள் என்னைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சாப்பாடு கொண்டுவரும் அம்மாகூட, "பெத்தவளுக்கு எப்படித்தான் மனசு வந்துதோ" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை இப்படிக் கிடக்கிறதே என்று நான் அழுதால், செய்ததற்கு அழுகிறாள் என்றார்கள். அழாமல் இருந்தால் கல்நெஞ்சுக்காரி.

எங்கள் சபை ஜெபக்குழுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பழமும் எண்ணெயும் கொண்டுவந்து, பிள்ளையின் நெற்றியில் பூசி ஜெபித்தார்கள். என் கணவர் அவர்களிடமும் சொல்லியிருப்பார் போல. போகும்போது ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரூபி, ஆண்டவர் கிட்ட பாவத்தை அறிக்கை பண்ணிடும்மா. மறைச்சு வெச்சா ஆசீர்வாதம் தடைபடும். பிள்ளைக்காகப் பண்ணு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். கையை உதறிக்கொண்டேன்.

அன்று நான் ஜெபம் செய்தேன். அது ஜெபமா சண்டையா என்று எனக்குத் தெரியவில்லை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டே பேசினேன். ஆண்டவரே, நான் செய்யவில்லை என்று உமக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவர் நீர் ஒருவர்தான். எல்லோரும் என்னை ஒத்துக்கொள் ஒத்துக்கொள் என்கிறார்கள். ஷூவுக்கு நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். உமக்குத் தெரிந்திருந்தும் நீர் சும்மா இருந்தால் உமக்கும் எனக்கும் பேச்சு இல்லை. இப்படித்தான் பேசினேன். வெட்கமாக இல்லை. வெளியே வரும்போது மனதில் சமாதானம் எதுவும் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளையிடம் போனேன்.

ஜெனிஷாவுக்கு மூச்சு வேகமாகிவிட்டது. விலா எலும்பு உள்ளே போய்ப்போய் வந்தது. கையும் முகமும் வீங்கியிருந்தன. டாக்டர், "மருந்து வேலை செய்ய டைம் குடுக்கணும், நாளைக்குப் பாக்கலாம்" என்றார். நான் பர்வீனுக்குப் போன் செய்தேன். "வண்டி வேணும். வேலூருக்கு."

"தம்பி கார் எடுத்துகினு வருவான். பேஜார் ஆவாதே, நானும் வர்றேன்" என்றாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அன்றைக்குக் கம்பெனியில் அவள் சொல்லாமல் கிளம்பி வந்ததற்குச் சம்பளம் பிடித்தார்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் தயங்கினார். "இப்படிப் பாதியில தூக்கினு போனா டாக்டர் இன்னா நெனைப்பாரு ரூபி?"

என் மகளுக்கு மூச்சு வாங்குகிறது, இவருக்கு டாக்டர் என்ன நினைப்பார் என்று கவலை. "அவரு நெனைக்கிறதை நெனைக்கட்டும். நீங்க வர்றீங்களா இல்லையா?" என்று கேட்டேன். எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். காரில் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவரிடம் சொன்னேன், "அங்க போய் நீங்க வாயைத் தொறந்தீங்கன்னா அவ்வளவுதான்." பர்வீன் முன் சீட்டிலிருந்து தன் தம்பியை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள். பள்ளிகொண்டா தாண்டும்போது ஜெனிஷா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மா என்று இல்லை, ரூபி என்று. சுயநினைவு தப்புகிறது என்று புரிந்தது. எனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதம் எல்லாம் மறந்துபோய், ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டரம்மா ஓடி வந்தார். முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். தலையிலிருந்து கால் வரை பார்த்துக்கொண்டே வந்தவர், கையைத் தூக்கியதும் நின்றார்.

"இது என்ன?"

என் கணவரின் வாய் தானாகத் திறந்தது. "அது வந்து மேடம், சூடு, தெரியாம..."

"பொய்!" என்று கத்தினேன். அந்தக் கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "பொய் சொல்றாரு மேடம். என் பொண்ணு மேல யாரும் சூடு வைக்கல. திட்டுக்குப் பயந்துகினு ஒத்துக்கறாரு. அது இன்னான்னு எனக்குத் தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. ஆனா சூடுன்னு மட்டும் எழுதாதீங்க."

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கணவர் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து அந்தப் பொருக்கைச் சுற்றி விரலால் அமுக்கினார். ஊசி குத்தும்போது முனகிய ஜெனிஷா இதற்கு அசையவே இல்லை.

"வலிக்குதா பாப்பா?"

தலையை லேசாக ஆட்டினாள், இல்லை என்று.

டாக்டரம்மா தன் சீனியரைக் கூப்பிட்டார். அவர் நரைத்த தலைக்காரர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "வீட்டுப் பக்கம் புதர் இருக்காம்மா? பிள்ளைங்க எங்க விளையாடுவாங்க?"

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை போட்டு விற்காமல் கிடக்கும் இடம். கல் நட்டதோடு சரி, ஆள் உயரத்துக்குச் செடி. பிள்ளைகள் அங்கேதான் ஒளிந்து விளையாடும். சொன்னேன்.

"இது சூடு இல்ல" என்றார். "உண்ணிக் காய்ச்சல். இந்தப் புண்ணுதான் அதுக்கு அடையாளம்."

ஸ்க்ரப் டைபஸ் என்று அதற்குப் பெயர். புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, கடித்தது பிள்ளைக்கே தெரியாது. கடித்த இடம் கருத்து, நெருப்புச் சுட்டது போலப் பொருக்குக் கட்டும், வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் கடிக்கும். எல்லோருக்கும் அந்தப் புண் வருவதுமில்லை. உள்ளே போன கிருமி ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ஈரல் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வரை போகும். வழக்கமாகப் போடும் ஊசிமருந்துகள் இதை ஒன்றும் செய்யாது. இதற்கென்று மருந்து இருக்கிறது, அதுவும் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண மருந்து. இதையெல்லாம் டாக்டரம்மா எனக்குப் பிறகு நிதானமாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குக் காத்திராமல் அப்போதே மருந்தைத் தொடங்கிவிட்டார்கள்.

எந்தக் கடையிலும் கிடைக்கிற மருந்து. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். என் பிள்ளை தன் உடம்பிலேயே சீட்டு ஒட்டிக்கொண்டு வந்ததுபோல அடையாளத்தோடு வந்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். ஆக்சிஜனை அழுத்தத்தோடு உள்ளே தள்ளும் ஒரு முகமூடியை மாட்டினார்கள். அது போதாவிட்டால் தொண்டையில் குழாய் விட்டு மெஷின் வைக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பார்க்க ஒருவரை மட்டும் கொஞ்ச நேரம் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே கூடத்தில். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அங்கே நிறைய, அந்தக் கூடத்தில் தமிழைவிட வங்காளிதான் ஜாஸ்தி கேட்கும். என் பக்கத்தில் ஒரு வங்காளி அம்மா. அவருடைய மகன் உள்ளே இருந்தான். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து காகிதத்தில் மடித்து என் கையில் திணிப்பார். எனக்கு அந்த வாசனையே பிடிக்காது. ஆனாலும் சாப்பிட்டேன். அவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை என்பதற்காகவே சாப்பிட்டேன்.

என் கணவர் ஓடினார், அலைந்தார். மருந்து வாங்கினார், துணி துவைத்தார், எனக்குச் சீப்பு வாங்கி வந்தார், நான் குடிக்காமல் வைத்த டீயை ஆற்றி மறுபடி நீட்டினார். இன்சூரன்ஸ், பில் என்று ஒவ்வொரு கவுண்டராக நின்றார். மோசமான மனிதர் இல்லை அவர். மோசமானவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், ஒரேயடியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன். நல்லவர் என்பதால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிற மனிதர், என் மனம் மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

புது மருந்து போட்டு இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. குழாய் விடாமலேயே தப்பினாள். முகமூடியைக் கழற்றிய அன்று நான் உள்ளே போனேன். உதடெல்லாம் வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "அப்பாவைக் கத்தாதம்மா. எனக்குத் தலை வலிக்குது" என்றாள். அவசரப் பிரிவில் நான் போட்ட கூச்சல் அவள் காதில் விழுந்திருக்கிறது. நான் சிரித்தேன், அழுதேன், நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். கூடத்தில் அந்த வங்காளி அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய மகன் அப்போதும் உள்ளேதான் இருந்தான்.

வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டரம்மா வந்தபோது கேட்டேன், "நான் கத்தாம இருந்திருந்தா?"

"நாங்களும் யோசிச்சிருப்போம்மா. ஆனா அப்பாவே சூடுன்னு சொன்னா, யோசிக்கக் கொஞ்சம் நேரம் கூட ஆகியிருக்கும். அவளுக்கு அவ்வளவு நேரம் இருந்துதான்னு தெரியல" என்றார். என் கணவர் அங்கேதான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்தோம். ஊரே வந்து பார்த்தது. எல்லோரும் ஒரே வாக்கியம்தான்: ஆண்டவர் காப்பாற்றினார். என் கணவரும் அதையே சொன்னார். நானும் அதை நம்புகிறவள்தான். ஆனால் அந்த வாக்கியத்தைப் போட்டு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்களே என்று உள்ளே எரிந்தது. ஜெனிஷாவைக் கூட்டிக்கொண்டு அந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஓ, உண்ணிக் காய்ச்சலா? சில சமயம் அப்படித்தான் ஏமாத்திடும்" என்றார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, நன்றாகப் படி என்றார். "என்னைத் திட்டினீங்களே சார்" என்றேன். "உன் வீட்டுக்காரர் ஒத்துகினாரேம்மா, நான் இன்னா பண்றது?" என்றார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம், நோயிலிருந்து பிழைத்தவர்கள் ஒரு ஞாயிறு முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, ஆண்டவருக்கு நன்றி சொல்லி, காணிக்கை போட்டுவிட்டு இறங்குவார்கள். ஜெனிஷா தேறியதும் பாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். ரோஸ்லின் அண்ணி பேர்ணாம்பட்டிலிருந்து புதுப் புடவையோடு வந்து பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் ஆண்கள் பக்கம்.

ஜெனிஷாவைப் பக்கத்தில் நிறுத்தி, மைக்கை வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். காய்ச்சல், வாந்தி, நர்சிங் ஹோம். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று அங்கங்கே குரல் வந்தது. "அக்குள்ல ஒரு புண்ணு இருந்துது. டாக்டர் சூடு வெச்சியான்னு கேட்டாரு. நான் வைக்கல. யாரும் வைக்கல. ஆனா என் வீட்டுக்காரரு ஆமான்னு ஒத்துகினாரு" என்றேன். ஸ்தோத்திரம் நின்றுவிட்டது.

பாஸ்டர் எழுந்து பக்கத்தில் வந்தார். "சகோதரி, நேரமாகுது. ஆண்டவர் செஞ்சதை மட்டும் சொல்லி முடிச்சுக்கலாம்."

"அதைத்தான் சொல்லிகினு இருக்கேன் பாஸ்டர்" என்றேன். "அந்தப் பொய்யால என் பொண்ணுக்கு வேற மருந்து ஏறிச்சு. மூச்சு நிக்கற நெலைக்குப் போய்ட்டா. இங்க இருக்கறவங்க என்னை அறிக்கை பண்ணச் சொன்னாங்க. நான் பண்ணல. பண்ண ஒண்ணும் இல்ல. ஆண்டவருக்கு அது தெரியும். எனக்கு அது போதும்னு நெனைச்சேன். போதல. உங்களுக்கும் தெரியணும்."

முதல் வரிசையில் அண்ணி எழுந்துவிட்டார். "யாரு வெச்சதுன்னு நெனைச்சான் இவன்?" என்று என்னைக் கேட்டார். நான் என் கணவர் இருந்த பக்கம் பார்த்தேன். அண்ணியும் ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"நானா? டேய் இமானு, நான் வெச்சேன்னா நெனைச்ச?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் கேட்டேன்டா. உன் பொண்டாட்டி வேணாம்னா. அதோட வுட்டுட்டேன். அந்தப் புள்ளைய நான் கதை சொல்லித் தூங்க வெச்சுட்டுப் போனேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா? போன் பண்ணி, அக்கா நீ வெச்சியான்னு ஒரு வார்த்தை?" அண்ணியின் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

என் கணவர் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டார். ஏதோ சொன்னார், உதடு அசைந்தது, பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. பாஸ்டர், "சரி சரி, சகோதரர் மனசு வருத்தப்படறாரு, ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார். பல பேர் அவரோடு கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. ஜெனிஷாவை அண்ணியிடம் விட்டுவிட்டு, மைக் வயரை இழுத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் நடந்தேன். அவர் முன்னால் நீட்டினேன்.

"மைக்குல சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் செய்த தப்புக்கு எழுந்து நின்றவர், தான் செய்ததற்கு எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு மைக்கை வாங்கினார். "யாரும் சூடு வைக்கல. என் பொண்டாட்டி உண்மையைச் சொன்னா. நான்தான் பொய் சொன்னேன்" என்றார். குரல் நடுங்கியதில் பாதி வார்த்தை சரியாக விழவில்லை. பின் வரிசையில் ஜெபக்குழுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.